நாதமுனி அண்ணன் தூங்கிய ஒரு மணி நேரம்

பஸ் கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது பாதி, தூங்குகிறவர்களை எழுப்புவது மீதி. ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டுப் பகலில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்கிறவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் அப்போது பீடி குடிப்பவன், விடிய விடிய இருமுகிறவன். ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையை எங்கே போடுவது என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வண்டி திருப்பதிக்கும் திருத்தணிக்கும் நடுவில் ஓடியது.

விஜயபுரத்து மகராசன்

விஜயபுரத்து வேர்க்கடலை விவசாயி ஒருவர் புத்தூரில் ஏறுவார். உட்கார்ந்த மறுநிமிஷம் குறட்டை. வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அசையமாட்டார். பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவர் இறங்கவேண்டிய நகரியில் உலுக்கி எழுப்பி, "உனக்கு மட்டும் எப்படிய்யா இப்படித் தூக்கம் வருது?" என்று கேட்டே விட்டேன்.

என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். "இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? கண்ணை மூடிக்கினா தூக்கம், தொறந்தா நகரி."

ஒரே மருந்து

எங்கள் டிரைவர் நாதமுனி அண்ணன். பதினெட்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றாதவர். ஸ்டியரிங்கில் கண் சொக்காமல் இருக்க சிகரெட் பிடிப்பார். வீட்டில் படுத்தால் தூக்கம் வராது, அதற்கும் எழுந்து ஒன்று பற்றவைப்பார். தூங்காத கண் மறுநாள் சொக்கும், மறுபடி சிகரெட். "முழிச்சிருக்கவும் அதான், தூங்கவும் அதானாண்ணே?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா. இப்ப ரெண்டுமே இல்ல."

டாக்டரம்மா

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். தூக்க மருந்து எழுதுவார் என்று பார்த்தால், சிகரெட்டை விடச் சொன்னார். விட்ட புதிதில் தூக்கம் இன்னும் கெடும், பகலில் தலை கிறுகிறுக்கும், அதைத் தாண்டினால் தூக்கம் தானாக வரும், அதுவரை வண்டி தொடக்கூடாது என்றார். முதலாளி லீவு தரவில்லை. அண்ணன் சிகரெட்டை விட்டார், வண்டியை விட முடியவில்லை.

"வேல போனா புள்ளைங்க பட்டினி, கண்ணு போனா நாப்பது பேரு கதை முடிஞ்சுது. எதைன்னுடா விடறது?"

புளியமரத்தடி

சிகரெட்டை விட்ட நாலாம் நாள் மத்தியானம். வண்டிக்குள்ளே ஒரு தமிழ் வாத்தியாரும் ஒரு தெலுங்குக் கிராம முன்சீபும் எல்லைச் சண்டையில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். முன்சீபுக்குத் திருத்தணியில் அந்த எல்லை விஷயமாகவே கூட்டம். நகரிக்கு முன்னால் வண்டி ஒரு புளியமரத்தடியில் சட்டென்று நின்றது. அண்ணன் இறங்கி, பின்வாசல் வழியாக ஏறினார்.

"அய்யா, அம்மா, ஒரு நொடி தூங்கிட்டேன். வண்டி எப்பிடி நேரா வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அரை மணி நேரம் குடுங்க" என்று கும்பிட்டார்.

எங்கள் தொழிலில் இதை எந்த டிரைவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். யாரோ ஒருவர் பரிதாபப்பட்டு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து நீட்டினார். அதை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், திருத்தணி வரை கண் திறந்திருக்கும், அவமானமும் இல்லை. அண்ணன் அந்தப் புகையையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கடைசி சீட்டில் படுத்தார். படுத்ததுதான் தெரியும்.

நாற்பது பேரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஒரு அம்மா அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூரப் போய்விட்டாள். வாத்தியாரும் முன்சீபும் ஒரே நிழலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சண்டைக்கு வந்த ஊர் மொத்தமும் ஒரு மனுஷன் தூக்கத்துக்குக் காவல் நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, சாமி! அரை மணி ஒரு மணி ஆயிற்று. கூட்டத்துக்கு நேரமாகிறதே என்று பயந்து நான் எழுப்பப் போனேன். முன்சீப் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"படுகோனீ நைனா, தூங்கட்டும். எல்லை எங்கியும் ஓடிப்போவாது."

என் சர்வீசில் நான் வாங்கிய ஒரே மெமோ, நாற்பது பேரை நேரங்கழித்து, ஆனால் முழுசாக, ஊர் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குத்தான்.