வெர்னனின் துப்பாக்கி நேராகத்தான் சுட்டது

"துப்பாக்கி நேராத்தானே சுடுது மாமா? அப்புறம் எங்கப்பா கால்ல எப்படிப் பட்டுச்சு?"

ஜோலீன் தன் தாய்மாமன் வெர்னன் ஹெய்கன்ஸிடம் இப்படிக் கேட்டாள். அமெரிக்காவின் அயோவாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்க மூன்று நாள் இருந்தது. சோளம் அறுத்த வயல்கள் உறைந்து கிடந்தன. அவள் நீட்டிய குறி அட்டையில் மூன்று ஓட்டைகள், ஒரு காபி டப்பா மூடிக்குள் அடங்கும் நெருக்கத்தில்.

"எழுபத்தஞ்சு கஜம். மேசையில சாச்சு வெச்சுச் சுட்டேன். தோள்தான் செவந்து போச்சு. கழுதை மாதிரி உதைக்குது."

அது ஒற்றைக் குழல் துப்பாக்கி. நடுவில் மடித்து ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். ஓடையில் விழுந்தது, வண்டியிலிருந்து உருண்டது, பதினோரு வருடம் அலமாரியில் எண்ணெய் காணாமல் நின்றது. இன்றும் மூடினால் பிடி ஆடாது. கெட்டுப்போக அதில் பாகமே அதிகம் இல்லை. எடை குறைவு என்பதால், கட்டைவிரல் பருமனான ஈயக் குண்டு கிளம்பும்போது தோளில் இடிக்கும் இடிதான் அதன் ஒரே குறை.

பதினோரு வருடம் முன்பு, எல்லோரும் வரிசையாக நடந்து மானை விரட்ட, வெர்னன் வேலியோரம் காத்து நின்றான். மான் எதிர்மேட்டில் ஏறியது. பின்னால் வெறும் மண்மேடு, குண்டு தவறினாலும் மண்ணில் புதையும், சுடலாம். சுட்டான். குண்டு மானுக்கு வெகு கீழே ஓடையின் பனிக்கட்டியில் பட்டு, பக்கவாட்டில் தெறித்து, வளைவில் ஆரஞ்சு வேட்டைச் சட்டையோடு நின்ற ஆர்லோவின் முழங்காலை உடைத்தது. ஆர்லோ அவன் தங்கையின் கணவன், ஜோலீனின் அப்பா.

"துப்பாக்கியில குறி கோணிப்போச்சு" என்று வெர்னன் அன்று சொன்னான். அந்த வாரம்தான் அது வண்டியிலிருந்து விழுந்திருந்தது. எல்லோரும் நம்பினார்கள். தங்கை இறந்த பிறகும் ஆர்லோ ஞாயிறுதோறும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டான். அந்த வீட்டு மேசையைத் தவிர வெர்னனுக்குப் போக வேறு இடமில்லை.

அதன்பின் அவன் துப்பாக்கி ஏந்தவில்லை. வரிசையில் வெறுங்கையோடு நடந்தான். ஆனாலும் தானியக் கிடங்கில் கதவு அறைந்து மூடினால் அவன் கண்கள் முதலில் மூடும். பிறகு பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை கேட்கும். கோடையிலும் கேட்கும். ஆரஞ்சுச் சட்டை போட்ட சாலைப் பணியாளர் குனிந்தால், வண்டியை ஓரங்கட்டி, அவர் நிமிரும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த வருடம் ஆள் குறைவு. வேலியோரம் துப்பாக்கியோடு அவனே நிற்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்காகத்தான் ஜோலீன் கோணிய குறியைச் சரிசெய்ய எடுத்துப்போனாள். சரிசெய்ய ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாள். விரட்டும் வரிசையில் இம்முறை நடக்கப்போவது அவள்.

வேட்டைக்கு முந்தைய நாள் மதியம் ஆர்லோ வீட்டில் வழக்கம்போல மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும். வெர்னன் தட்டைத் தொடவில்லை.

"என்ன, என் சமையலுக்குப் பயந்துட்டியா?" என்றான் ஆர்லோ.

"சரளைப் பள்ளம் வரைக்கும் வா. ஜோலீனும் வரட்டும்."

பள்ளத்தில் குறி அட்டையை நட்டுவிட்டு, வெர்னன் ஆர்லோவிடம் தோட்டாக்களைக் கொடுத்தான். சில புதியவை, சில ஏற்கெனவே சுட்டு வெறுமையானவை.

"எனக்குத் தெரியாம ஒண்ணு போட்டு மூடிக் குடு. சுடும்போது குழலைப் பாரு."

முதல் தோட்டா வெடித்தது. சரளை மேட்டின் அடியில் மண் பறந்தது, அட்டை அசையவில்லை.

"அட்டைக்கு ஆயுசு கெட்டி" என்று ஜோலீன் சிரித்தாள்.

இரண்டாவதில் வெறும் 'டிக்' மட்டும். வெடிப்பும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் ஒரு சாண் தாழ்ந்தது. வெர்னனின் கண்கள் இறுக மூடியிருந்தன. வராத உதைக்குத் தோள் முன்னே பாய்ந்திருந்தது.

சிரிப்பு நின்றது.

"இன்னொண்ணு போடு" என்றான் வெர்னன்.

"வேணாம். பார்த்துட்டேன்." ஆர்லோ துப்பாக்கியை வாங்கி மடித்தான். "எப்போலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கே. விசையை இழுக்கறதுக்குள்ள கண்ணு மூடிடுச்சு. மானையே பார்க்கல."

"பதினோரு வருஷமா நான் இந்த இரும்பத் திட்டிட்டு இருந்தேன், வெர்ன்."

"தெரியும். பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தேன்."

ஆர்லோ காலை இழுத்தபடி வண்டிக்கு நடந்தான். ஜோலீன் கைகொடுக்கப் போனாள், தட்டிவிட்டான். கதவைத் திறந்தபின் திரும்பினான்.

"நாளைக்கு நீ வேலிகிட்ட நிக்கக்கூடாது. என் பொண்ணு நடக்கறா."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"பதினோரு வருஷம் முன்னால சொல்லியிருக்கலாம்."

மறுநாள் வெர்னன் வெறுங்கையோடு வரிசையின் கடைசியில் நடந்தான். வேலியோரம் யாரும் நிற்கவில்லை. மான்கள் அந்த வழியாகவே தப்பின. யாரும் அவனோடு பேசவில்லை. அந்த ஞாயிறு ஆர்லோவிடமிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பனிக்கட்டி ஓசை நிற்கவும் இல்லை.

பெயரை மறைக்காமல் எழுதச் சொன்னது வெர்னன்தான். உதைக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். வேட்டைக்குப் போகுமுன் நண்பர் ஒருவரை, தமக்குத் தெரியாமல் சுட்டு வெறுமையான தோட்டாவையும் கலந்து போட்டுத் தரச் சொல்லிச் சோதித்துக்கொள்ளட்டும்.