தலைமாட்டுக் கடல்

நல்லரத்தினத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பாதிச் சாப்பாட்டில் எழும்பிப்போய் ஒரு கம்பியைப் பற்றவைத்துவிட்டு வந்து மிச்சத்தைத் தின்கிற மனுசன். மட்டக்களப்பு நகரில் ரேடியோவும் வோக்கி டோக்கியும் திருத்துகிற கடை அவருடையது. கடை தப்பியது. நாவலடியில் கடலோரம் இருந்த வீட்டையும், ஆறு வயது மகள் கம்சாயினியையும் சுனாமி கொண்டுபோனது.

அதன்பின் திராய்மடு முகாமில் எனக்கு அடுத்த கொட்டிலில் இருந்தார்கள். அவர் மனைவி அன்னப்பூரணி கண்ணை மூடவே இல்லை. அலை வருமுன் கடல் உள்வாங்கிச் சத்தமில்லாமல் கிடந்ததைப் பார்த்தவள் அவள்.

"கடல் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வரும். சத்தம் நிண்டா ஓடலாம்," என்பாள். முகாமில் எங்கே கடல் கேட்கும்? ஆள் பாதியாகிவிட்டாள்.

மனுசன் சும்மா இருப்பாரா? இரண்டு வோக்கி டோக்கிகளைப் பிரித்தார். ஒன்றிலிருந்து அனுப்பும் பகுதியை மட்டும் எடுத்து, மைக்கைச் சேர்த்து, இடிந்த வீட்டில் எஞ்சிய சுவரில் கடலைப் பார்க்க வைத்தார். மற்றதிலிருந்து வாங்கும் பகுதியை எடுத்து மனைவியின் தலைமாட்டில் வைத்தார். சுருளுக்குள் இருந்த திருகாணியைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் கடல் இரைந்தது. அன்னப்பூரணி அன்று மத்தியானமே தூங்கிப்போனாள்.

ஒருநாள் கரைப்பெட்டியின் பற்றரி இறங்கிவிட்டது. அனுப்புவது நின்றால் வாங்குவது வாயை மூடிக்கொள்ள அதற்குள் ஓர் அடக்கி வைத்திருந்தார். பெட்டி மௌனமானதும், "கடல் வத்திட்டு! ஓடுங்க!" என்று அவள் கத்திக்கொண்டு ஓட, முகாமே ஓடியது. நான் அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையோடு பெரிய ரோட்டுவரை ஓடினேன். திரும்பிவந்து நல்லரத்தினத்தை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அவர் அந்த அடக்கியைக் கழற்றி எறிந்தார். இனிக் கரைப்பெட்டி செத்தாலும் தலைமாட்டுப் பெட்டி "இஸ்ஸ்" என்று வெறுமனே இரையும். கேட்பவருக்குக் கடல் மாதிரித்தான் இருக்கும்.

சண்டை மறுபடி மூண்ட காலத்தில் பற்றரி மாற்றப் போனவர் சுவரில் பெட்டியைக் காணவில்லை. சுற்றிவர ஆமிக்காரரின் சப்பாத்துத் தடங்கள். போய்க் கேட்டால், யாருக்குச் செய்தி அனுப்பினாய் என்பார்கள். பொஞ்சாதிக்குக் கடலை அனுப்பினேன் என்றால் எவன் நம்புவான்? பயந்து திரும்பிவிட்டார். கொட்டிலில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது, அன்னப்பூரணி கண்ணை மூடிக் கிடந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் கடலைக் கவனிக்க ஆளில்லை. அன்றிலிருந்து இரவெல்லாம் அவர் விழித்திருந்தார். பகலில் கடையில் விரலைச் சுட்டுக்கொள்வார். வயது போகிறது என்று நாங்கள் கேலி செய்தோம்.

யுத்தம் முடிந்த வருடம், முகாம் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் புதுக் கரைப்பெட்டியொன்றை அவள்முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

அன்னப்பூரணி அழவுமில்லை, ஏசவுமில்லை. "எனக்குத் தெரியுந்தானே. அண்டைக்கே பெட்டிக்குள்ள காகம் கத்துறது நிண்டிட்டு. நாவலடியில காகம் கத்தாத விடியல் இரிக்கா?"

"மறுகா ஏன்கா கண்ண மூடிக் கிடந்த நீ?"

"நான் படுத்தாத்தான் நீங்களும் படுப்பீங்க எண்டு."

வருடக்கணக்காக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். அடுத்த கொட்டிலில் நான் குறட்டை விட்டிருக்கிறேன். நினைத்தால் கோபமும் அழுகையும் ஒன்றாய் வருகிறது.

அவள் கைநீட்டித் தலைமாட்டுப் பெட்டியை நிறுத்தினாள். வீடு சத்தமில்லாமல் போனது. இருவரும் ஓடத் தயாராய் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"இண்டைக்கு நான் முழிச்சிருக்கன். நீங்க படுங்க," என்றாள்.

நல்ல வெயில் நேரம். நல்லரத்தினம் வெறும் நிலத்தில் சரிந்தார். பொழுதுபட நான் சீனி கேட்டுப் போனபோதும் எழும்பவில்லை. வாசலில் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அன்னப்பூரணி, உதட்டில் விரலை வைத்து என்னைத் துரத்திவிட்டாள்.