பிடிக்காத பதிலைச் சொன்ன டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன், மயிலாப்பூரில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த சமயம், குரல் கம்ம ஆரம்பித்தது. ஓயாமல் பேசுவதால்தான் என்று நினைத்து, மிளகுக் கஷாயம் குடித்தே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது குருத்தெலும்பு வரை போயிருந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார் முதலில் பார்த்த டாக்டர். எனக்கோ பேச்சுதான் பிழைப்பு.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லக்கூடிய டாக்டரைத் தேடி அலைந்தேன். தி.நகரில் ஒருவர் கிடைத்தார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, கதிர்வீச்சிலேயே சரியாகிவிடும் என்றார். வெளியே வந்ததும், பல நாட்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. ஓட்டலில் என் மனைவி மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் ஸ்கேன் படத்தைக் கவரை விட்டு எடுக்கவே இல்லை, கவனிச்சீங்களா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அவள் விடவில்லை. அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் படத்தை எடுத்து வைத்து, கட்டி எது, குருத்தெலும்பு எது என்று எனக்கே காட்டினார். "கதிர்வீச்சு மட்டும் போதும்னு சொல்ல எனக்கும் ஆசைதான் சார். ஆனா உங்க விஷயத்துல ஆபரேஷன் பண்ணிட்டு, அப்புறம் கதிர்வீச்சு கொடுக்கிறதுதான் நல்லது. அப்பவும் முழுசா குணமாகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். நான் படத்தை எடுத்துத் திரும்பக் கவருக்குள் போட்டேன். அவரே மெதுவாக, "இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தர் இருக்கார். உங்ககிட்ட பேசறேன்னு சொல்லியிருக்கார். பார்த்துட்டு வந்து முடிவு சொல்லுங்க" என்றார்.

அவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். மறுநாள் காலை நான் போனபோது, கழுத்திலிருந்த துளையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் ஒரு அம்மாவிடம் வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் கொஞ்சம்கூட இரக்கப்படாமல் பேரம் பேசினார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா வாத்யாரே, பயந்துகினு கீறியா?" என்றார் என்னைப் பார்த்து. "நானும் அழுதேன். மொதல்ல சிலேட்டுலதான் பேச்சு. பொண்டாட்டியாண்ட சண்டை போடக்கூட எழுதிக் காட்டணும், ஒரே பேஜாரு. அப்பால உள்ள ஒரு வால்வு வச்சாங்கோ, இப்ப ஓட்டையை மூடினா பேச்சு வருது."

விரலை எடுத்துவிட்டுச் சிரித்தார். காற்று மட்டும்தான் வந்தது. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "இனிமே தண்ணில எறங்க முடியாது சார். ஓட்டை வழியா உள்ள பூந்துரும். அது மட்டும் இன்னும் கஷ்டமாத்தான் கீது" என்றார்.

அவர் அதை மறைக்காமல் சொன்னதால்தான் மற்றதையும் என்னால் நம்ப முடிந்தது. அன்றே ஆபரேஷனுக்குச் சம்மதம் சொன்னேன்.

தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன், என் சொந்தக் குரலில் கடைசியாக மனைவியிடம், "அன்னிக்கு உன்மேல கோபப்பட்டது தப்பு" என்றேன்.

இப்போது நானும் கழுத்துத் துளையில் விரலை வைத்துக்கொண்டு, நான்கைந்து பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் எடுக்கிறேன். இதுவரை பரிசோதனைகளில் பயப்பட எதுவும் இல்லை. எனக்குப் பிடித்த பதிலைத் தேடி அலைந்த என்னிடம் உண்மையைச் சொல்லி, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு துணையையும் காட்டிய அந்த டாக்டரை நினைக்கும்போதெல்லாம், தி.நகரில் அவ்வளவு நிம்மதியாகப் பசித்ததே, அந்தப் பசியை நினைத்துத்தான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.