கதிர்வீச்சு போக ஒரு குற்றாலக் குளியல்

சுரண்டையில் எங்கள் தெருவில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிக்கும் பெண், எதிர்வீட்டு மாரிச்செல்வி ஒருத்திதான். பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு என்று கேட்டவர்கள், தங்கள் வீட்டு மோட்டார் மக்கர் செய்தால் இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாம் வருட முடிவில், அந்தப் படிப்புக்குள்ளேயே அணுசக்திப் பொறியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். அவளுக்குக் கொள்ளை ஆசை. அணு என்றால் நமக்குக் குண்டுதான் ஞாபகம் வரும். அவளுக்கோ கொதிக்கிற உலையிலிருந்து சூட்டை எப்படி எடுப்பது, தண்ணீரை எந்தக் குழாயில் ஓட்டுவது என்றே நினைப்பு. திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு அம்மா சந்தனமாரி சம்மதிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, பேறுகாலத்துக்கு வந்த அக்கா ஜெயசித்ரா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். வெளியே போய் வந்தவர்கள் கைகால் கழுவாமல் பச்சைப் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சந்தனமாரி ஒரு படி மேலே போனாள். கல்லூரி வேலைக்காக மகள் கொண்டுவந்த கதிர்வீச்சு அளக்கும் கருவி மேசையில் டிக், டிக் என்றதும் பதறிவிட்டாள்.

"ஏட்டி, பிள்ளைகிட்ட வராத! ஒம் மேல ஒட்டிக்கிட்டு வந்ததுதான் சத்தம் போடுது."

"ஒட்டலம்மா. மண்ணு, கல்லு எல்லாத்துலயும் இது கொஞ்சம் இருக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காத. குத்தாலத்துல சாரல் விழுது. அருவியில நின்னு குளிச்சிட்டு வா, எல்லாம் போயிரும்."

சித்தியாகியும் இன்னும் பிள்ளையைத் தூக்கவில்லையே என்று மாரிச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

"போறேன். ஆனா இத அணைக்காத. நான் இல்லாதப்பவும் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தென்காசி பஸ் ஏறினாள். அருவி மண்டையில் விழும்போதும் அவள் தண்ணீரின் வேகத்தைத்தான் கணக்குப் போட்டிருப்பாள். அவள் சுபாவம் அப்படி.

மகள் போயும் டிக், டிக் நிற்கவில்லை. சந்தனமாரி கருவியைப் பூஜை அறைக்குக் கொண்டுபோனாள், அங்கேயும் அதே சத்தம். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இங்கனயும் அடிக்கே! ஒங்க வீட்டுல யாரு அணு படிக்கா?" என்று என்னையே கேட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் திரும்பிப் போய்த் தன் வீட்டு ஆட்டுக்கல்லின் மேல் வைத்தாள். கொஞ்சம் கூடுதலாகவே அடித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஈரத்தலையோடு வந்து மாரிச்செல்வி வாசலிலேயே நின்றாள். உள்ளே வர அவளுக்குத் தைரியம் இல்லை.

"இந்தக் கல்லுலதான் ஒங்க ரெண்டு பேருக்கும் மாவாட்டிப் போட்டேன்" என்றாள் அம்மா. "அப்ப இதுக்குப் பயப்படவே வேண்டாமா?"

"பயப்பட வேண்டிய எடமும் இருக்கும்மா. எங்க, எவ்வளவுன்னு அளந்து பயப்படணும். அதத்தான் படிக்கணும்னு சொல்லுதேன்."

சந்தனமாரி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். மாரிச்செல்வி கையை நீட்டினாள். அம்மா சட்டென்று பின்வாங்கினாள்.

"ஈரத்தலையோட தூக்காத. பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

ஒரு கையில் பிள்ளையோடு, மறுகையால் தன் முந்தானையை எடுத்து மகள் தலையை நன்றாகத் துவட்டினாள்.

"திங்கக்கெழம பேரக் குடுத்துரு" என்று சொல்லி, பிள்ளையை அவள் கையில் வைத்தாள்.