ஒன்றாம் எண்ணில் ஒலித்த குரல்

என் மகளுக்கு எட்டு மாதம் நடந்தபோது நாங்கள் பென்னலூரில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். ஓர் அறையும் அடுப்படியும். கணவருக்குக் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். இரவு ஷிஃப்ட் வாரங்களில் காலை எட்டு மணிக்கு வந்து, இட்லி சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை தூங்குவார். மெஷினருகே நிற்கிறவர், தூக்கம் கெட்டுப்போய்க் கவனம் பிசகினால் என்ன ஆவது என்று எனக்கு ஓயாத பயம். அதனால் பகலைச் சத்தமில்லாமல் நடத்தப் பழகியிருந்தேன். குக்கர் வைக்காமல் சோறு வடித்தேன். பாத்திரங்களைத் துணி விரித்துக் கவிழ்த்தேன். பிள்ளையின் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்குத் துணை இரண்டு கேசட்டுகள். தானே நடித்துத் தானே பாடிய பழைய காலத்து நடிகை ஒருவரின் பாட்டுகளைத் திரட்டி வெளியிட்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நான் சொல்லிக் கணவர் வாங்கி வந்தவை. பாட்டுகள் பாடிய கால வரிசையிலேயே இருந்தன. முதல் பக்கத்தில் இசைத்தட்டின் இரைச்சலுக்கு அப்பாலிருந்து ஒரு சிறுமியின் குரல் வரும். கேசட்டைத் திருப்பத் திருப்ப பாடுகிறவருக்கு வயது ஏறும். நான்காம் பக்கத்தில் உச்ச ஸ்வரத்துக்குப் போக மாட்டார். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பக்கம்தான். சத்தத்தை ஒன்றாம் எண்ணில் வைத்து, டேப் ரிக்கார்டரை ஒட்டி உட்கார்ந்து காய் நறுக்குவேன். பிள்ளை பக்கத்தில் பாய்மேல் விளையாடும்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, ஊட்ல கீறியா, ஊருக்குப் பூட்டியான்னு பாக்க வந்தேன். ஒரு சத்தத்தையும் காணோம்."

"அவரு தூங்குறாருக்கா."

வீட்டுக்கார அம்மா பிள்ளைக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கை தட்டினார். அது திரும்பவில்லை. தன் கால்விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"தப்பா எட்த்துக்காத. காது கேக்குதான்னு ஒருவாட்டி டாக்டராண்ட காட்டிடேன்."

அவர் போனபின் இரண்டு நாள் மறைந்து மறைந்து சோதித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்பினாள், சில நேரம் இல்லை. திரும்பியபோது என் நிழலைப் பார்த்திருப்பாளோ என்று தோன்றியது. பேச்சில்லாத வீட்டில் வளர்த்து நானே கெடுத்துவிட்டேனோ என்றும் தோன்றியது. கணவரிடம் சொன்னால் அவர் தூக்கமும் போய்விடும் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு நான்காம் பக்கத்தைப் போட்டேன். பிள்ளை ஒரு ஸ்பூனால் பாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, நான்கு என்று சத்தத்தைக் கூட்டினேன். அந்த நடிகையே என் அடுப்படியில் நின்று பாடுவது போலிருந்தது. மகள் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

ஸ்பூன் நின்றது. அவள் டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மறுபடி போட்டேன். தட்டத் தொடங்கினாள். நிறுத்தினேன், நிமிர்ந்தாள். பட்டன் விழுகிற அதிர்வுக்கு நிமிர்கிறாளோ என்று சந்தேகம் வந்தது. ஓட விட்டு, அவளுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து கையை நீட்டிச் சத்தத்தை மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டே போனேன். பாட்டு அடங்கியதும் அவள் உதடு பிதுங்கியது. என் மடியில் கிடந்த நாளிலிருந்தே அவள் பகலெல்லாம் அந்தக் குரல் இருந்திருக்கிறது. அது வருவது அவளுக்குப் புதிதில்லை, போவதுதான் புதிது.

கல்யாணமாகி முதல்தடவையாக அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.

"என்னட்டி, பிள்ளைக்கு என்ன?" என்று பதறி எழுந்தார்.

"ஒண்ணுமில்லங்க. வந்து பாருங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லுங்கியை இறுக்கியபடி பாயில் உட்கார்ந்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன், மகள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வாரமா நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் அவர். "பஸ்ஸ விட்டு எறங்கி வாசல்ல நின்னு கூப்புடுவேன். சில நாளு திரும்பாது. ஒங்கிட்ட சொன்னா நீ சாப்புட மாட்டேன்னு சொல்லல."

பாட்டைக் கூட்டினேன். அவள் எங்களை விட்டுவிட்டு ஸ்பூனை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா கொறை."

"வேண்டாங்க, அழுதுரும்."

"அழட்டும். ஒரே ஒருக்கா."