முப்பது நாள் சொல்லாத பதில்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து, ஆறாவது செத்துப்போன என் தங்கையின் மகள். ஆறு பேரும் நெத்திலிக் கருவாட்டில் வளர்ந்த பிள்ளைகள்தான், அதைச் சொல்ல நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டைக் கூட்டிக்கூட்டி வாசிப்பேன், அதற்குமேல் கை ஓடாது. அதனால் நான் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள்.

போன மாதம் எங்கள் கடியப்பட்டணத்து மகளிர் குழுவில் ஒரு வகுப்பு வைத்தார்கள். வியாபாரத்தில் எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லித்தர நாகர்கோவிலில் இருந்து ஒரு டீச்சர் வந்தார்கள். குழுத் தலைவி என் வீட்டுக்கு வந்து, "பாட்டி, இருபத்தாறு வருசம் கோட்டாத்துக்குச் சரக்கு குடுத்த ஆளு நீங்க. வந்து நாலு வார்த்தை பறையுங்க" என்றாள். வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்து வியாபாரத்தைத் தொலைத்தவள் அங்கே போய் நின்று என்ன சொல்ல? அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என்னுடைய நெத்திலியில் மண் இருக்காது. மற்றவர்கள் கடற்கரை மணலில் கொட்டிக் காயவைப்பார்கள். நான் பழைய வலையை நாலு அடுக்காக விரித்து, அதன் மேல்தான் காயவைப்பேன். என்னோடு ஏழு பெண்கள் வேலை செய்தார்கள். காய்ந்ததைச் சாக்கில் கட்டிக் கோட்டாற்றில் ஒரே ஒரு கருவாட்டு மண்டிக்குக் கொடுப்போம். மண்டி முதலாளி ஒரு முஸ்லிம். வெள்ளை வேட்டி, தொப்பி, எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய்.

திங்கட்கிழமைதோறும் நான் ஒரு பிடி நெத்திலியைத் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறுவேன். அவர் ஏலக்காயைத் துப்பிவிட்டு, ஒரு நெத்திலியை எடுத்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். மண் கடிபடுகிறதா என்று பார்க்கிறாராம்.

"கொள்ளாம் யம்மா. இன்னைக்கும் நீரு செயிச்சிட்டீரு."

"என்னைக்கு மொதலாளி நான் தோத்தேன்?"

"பல்லு போறதுக்குள்ள ஒரு மண்ணாவது கடிச்சிரணும்னு பாக்கேன். விடமாட்டேங்கீரே."

பிறகு எத்தனை சாக்கு வேண்டும், எந்தக் கிழமை லாரி வரும், பொடி எவ்வளவு, பெரிசு எவ்வளவு என்று சொல்லுவார். சொல்லி முடித்ததும், "திருப்பிச் சொல்லும்" என்பார். நான் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லவேண்டும். அதன் பிறகு நான் என் பக்கத்தைச் சொல்லுவேன்: மழை வந்தால் இரண்டு நாள் தள்ளும், திருவிழாவில் பெண்கள் வரமாட்டார்கள். "திருப்பிச் சொல்லுங்க மொதலாளி" என்பேன். அவரும் சின்னப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லுவார். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் சரக்கு மாறிப்போய்ச் சண்டை போட்டார்கள். எங்களுக்குள் இருபத்தாறு வருடத்தில் ஒரு சாக்கு மாறிப்போனதில்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபோது அந்த முதலாளி வந்தார். அடக்கம் முடிகிறவரை கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்றார். கிறிஸ்தவர்களான எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்த வீட்டில் முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை யாரும் யாவாரம் பேசமாட்டார்கள். வீட்டுக்காரர்கள் வாய் தவறி எடுத்தாலும் எதிராளி பதில் சொல்லமாட்டார். சொன்னால், பிணத்தின் தலைமாட்டில் சரக்கு விற்றவள் என்று பேராகிவிடும். அந்த முப்பது நாளும் அவர் ஆளனுப்பவில்லை, போன் பண்ணவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்து கோவிலுக்கு வெளியே நின்றார். மறுநாள்தான் கேட்டார்: "இனி சரக்கு பேசலாமா யம்மா?"

அவர்கள் வழக்கமும் எங்களைப் போலத்தான் என்று அன்றைக்கு நான் மனதில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆவணி மாதம் முதலாளி இறந்துபோனார். அந்த வருடம் நெத்திலி அள்ளிக்கொண்டு பட்டது. வலை விரிக்க இடம் போதாமல் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலும் காயப்போட்டிருந்தோம். அதை அப்படியே பெண்களிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். முதலாளி வீட்டு உள்ளறையில் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அழுதேன். கிளம்பும்போது அவருடைய மகன் வாசல்வரை வந்தான். கல்ஃபில் இருந்து வந்து மூன்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, வாப்பா உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க. கடை நடக்கும். நெத்திலி விசயமா உங்ககிட்டப் பேசணும்."

நான் அவன் கையைப் பிடித்து, "அதெல்லாம் இப்ப வேண்டாம் மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது, துக்கத்திலும் இந்தப் பையன் வேலையை நினைக்கிறானே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் போன் வந்தது. என் மருமகள் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "மாமி, கோட்டாத்துல இருந்து. எத்தன சாக்கு இருக்குன்னு கேக்காவ."

"அடுப்படியில வேலையா இருக்கேன்னு சொல்லு."

"நீங்க சும்மாதானே இருக்கீங்க."

"அப்பன் செத்து ஆறு நாளு. அவன் கேப்பான். நாம பதில் சொல்லப்பிடாது."

மறுபடியும் வந்தது. எடுக்க விடவில்லை. பிறகு எழுத்தில் வந்தது. என் மருமகள் வாசித்துக் காட்டினாள். சரக்கு இருக்கிறதா, தருவீர்களா, வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். "பெருவிரல் படம் ஒண்ணு இருக்கு மாமி, அதைத் தட்டிவிட்டாப் போதும்" என்றாள். தட்டக்கூடாது என்றேன். தட்டினாலும் பேச்சுதானே. நான் அந்த முதலாளிக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்காரி வந்து கேட்டாள். அவளும் என் ஏழு பேரில் ஒருத்தி. வீட்டுக்காரனுக்கு இடுப்பு போய்க் கட்டிலில் கிடந்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அவள் கை போன சரக்கில் ஒரு தூசி இருக்காது. அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரிப்பருப்பு ஆலையில் அவளுக்கு ஒரு இடம் வந்திருந்தது. வருடம் முழுக்க வேலை, வேன் வந்து கூட்டிப்போகும்.

"யக்கா, கோட்டாத்து ஆளு பேசினாரா?"

"பேசுவாரு."

"பேசுவாருன்னா? நாளைக்கழிச்சு அண்டியாபீஸுல பதில் சொல்லணும். நான் போகட்டா, நிக்கட்டா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"ஏட்டி, இருபத்தாறு வருசத்துல என்னைக்காவது உன்னைச் சும்மா உக்காத்தி வெச்சிருக்கேனா? நில்லு."

"நீங்க சொன்னா நிக்கேன். பெறகு நீங்கதான் எனக்குக் கஞ்சி ஊத்தணும், பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள். அண்டியாபீஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

முப்பத்தொன்றாம் நாள் நான் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, துணியில் ஒரு பிடி நெத்திலி முடிந்துகொண்டு போனேன். முப்பத்திரண்டு சாக்கு கட்டித் தயாராக இருந்தது. மண்டி வாசலில் ஒரு பெரிய லாரி நின்றது. வேறு ஊர்ச் சாக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போகும்போதே அது நெத்திலி என்று மூக்கு சொல்லிவிட்டது. மணலும் சேர்ந்து மணத்தது.

மகன் எழுந்து வந்து நாற்காலி போட்டான். டீ வாங்கிவரச் சொன்னான். நான் துணியைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவன் தொடவில்லை.

"எங்க அம்மா இருந்தீங்க இத்தன நாளும்?"

"துக்கம் முடியட்டும்னு இருந்தேன் தம்பி."

"எங்களுக்கு மூணு நாளுதானே அம்மா. நாலாம் நாளு கடை தொறந்தாச்சு. உம்மாதான் நாலு மாசம் பத்து நாளு வெளிய வரமாட்டாங்க. எங்களுக்கு அப்படி இல்ல."

"ஒங்க வாப்பா எங்க வீட்டுச் சாவுக்கு முப்பது நாளும் பேசல்லியே" என்றேன்.

"அது உங்க ஊரு வழக்கம்னு யாருட்டயாவது கேட்டுத் தெரிஞ்சிருப்பாங்க. என்கிட்டச் சொல்லல்ல." டீ வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தான். "நான் எத்தன போன் பண்ணினேன். எழுதியும் அனுப்பினேன். நீங்க பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுது. பாத்தும் பதில் இல்லைன்னதும், வாப்பா போனபெறகு எனக்குத் தர உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சேன். வேற ஆளுகிட்ட ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுத்திட்டேன் அம்மா. குடுத்த வாக்க எப்படி மாத்த?"

அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் அப்பாவே இருந்திருந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றியிருக்கமாட்டார். டீ வந்தது. குடித்தேன். முதலாளி உயிரோடு இருக்கும்போது எத்தனை சாக்கு, எந்தக் கிழமை என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிச் சொன்ன நாங்கள், "உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எப்படி?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவர் என் வழக்கத்தை எங்கோ கேட்டுத் தெரிந்து நடந்துகொண்டார். நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். கிளம்பும்போது அந்தப் பையன் ஒரே ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டான். கண்ணை மூடவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு மென்றான்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட ஒரு பிழைதான் என்று இருந்திருப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏழு பேரும் வலை விரித்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சொன்னாவ யக்கா?"

"பாப்போம்னு சொல்லியிருக்கு."

இந்த வாயால்தான் அப்படிச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு நின்றவர்கள் முகத்தைப் பார்த்து, நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு வாரம் சொல்லவில்லை. இரண்டாவது வாரமும் பாப்போம்தான். வேறு மண்டியில் போய்க் கேட்டால் விசயம் வெளியே வந்துவிடும் என்று அங்கேயும் போகவில்லை. எதிர்வீட்டுக்காரி தினமும் சாக்கை எண்ணி, மேலே தார்ப்பாய் இழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். "கோட்டாத்துக்காரரு இன்னும் பாத்து முடியல்லியா யக்கா? கண்ணாடி வாங்கிக் குடுப்போமா?" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. தார்ப்பாய் போட்டும் ஈரம் ஏறியது. நெத்திலி சிவந்தது, பிறகு வாடை மாறியது. கடைசியில் கோழித்தீவனத்துக்கு எடுக்கிற லாரி வந்தது. மண் இல்லாத என் நெத்திலியைச் சாக்கோடு தூக்கி, மீன் தலையும் குடலும் கிடந்த குவியலின் மேல் வீசினார்கள். அப்போதுதான் பெண்களுக்குத் தெரிந்தது. நான் சொல்லித் தெரியவில்லை. லாரி சொல்லித் தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முன்னால் வந்து நின்று, "ஒத்த வார்த்தைதானே யக்கா கேட்டேன்" என்றாள். அண்டியாபீஸுக்குப் போய்க் கேட்டாள், அந்த இடத்தில் ஆள் போட்டாயிற்று. பிறகு கேரளாவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யப் போனாள். கட்டிலில் கிடந்த புருசனை மகள் பார்த்துக்கொண்டாள். அவன் இறந்தபோது அவளால் வந்து சேர முடியவில்லை, அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்தாள். நான் அந்த வீட்டுக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது நாள் கழித்தும் போனேன். வீடு பூட்டியிருந்தது.

இப்போது வலை விரித்த இடத்தில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். நான் கருவாடு போடுவதில்லை. போட்டாலும் என் பேச்சை நம்பி யார் வந்து குனிவார்கள்? மருமகளின் போனில் அந்தப் பையன் எழுதியவை இன்னும் இருக்கின்றன. அழிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பதில் போடவும் இல்லை. இனி என்ன பதில்?

எதிர்வீட்டுக்காரியின் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள். இந்தக் காகிதம் அவள் கைக்குப் போகவேண்டும், அவள் அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டவேண்டும். அதனால் அவள் அம்மா என்னோடு பேசுவாள் என்ற நினைப்பில் இல்லை. அவள் பேசமாட்டாள், எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: எனக்குத் தெரியவில்லை, நீ போ.

எழுதிவிட்டாயா மக்கா? பேனாவை மூடு. இனி முதலில் இருந்து திருப்பி வாசி, நான் கேட்கிறேன். ஒரு வரியும் விட்டுப்போகக் கூடாது. எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்ன இடம் வரும்போது என் முகத்தைப் பார்க்காதே. வாசி.