எட்டாம் நாள், வெள்ளிமலையில் ஒரு நன்றி வீடியோ

வெள்ளிமலைப் பக்கம் பௌத்த தியான முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். தியானத்துக்கு அல்ல, என்னைப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டிவரும். அங்கே பத்து நாள் மௌனத்தில் இருந்த என் அக்கா மலருக்குக் கம்பளி கொடுக்கப் போனேன்.

அக்கா கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போகிறவள். ஓராண்டு பாலி மொழியும் பௌத்தமும் படிக்க ஓர் அறக்கட்டளை அவளுக்கு உதவித்தொகை தருவதாகச் சொன்னது. முகாமை முடித்தால்தான் பணம். நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் முகாம் செல்லாது. நிபந்தனை போட்டதே அறக்கட்டளைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் காலை 7.10க்கு டவுன் பஸ். கச்சிராயபாளையம் வரை பெண்களுக்கு இலவசம். அங்கிருந்து ஷேர் வேன், அறுபது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். வளைவுகளில் வாந்தி வந்தாலும் வசதி.

"இன்னா பாப்பா, கோயிலுக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே, பேசாம இருக்கிற எடத்துக்கு."

"ஏறினதுலேர்ந்து பேசிக்கினே வர்ற. உன்ன உள்ள வுடுவாங்களா?"

விட்டார்கள். எனக்குப் பின்னாலேயே அறக்கட்டளை அலுவலர் ஒருவர் காரில் வந்து இறங்கினார், கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸ் பேனருடன். அன்று எட்டாம் நாள்.

முகாம் நடத்தும் பிக்கு கைகூப்பினார். "ரெண்டே நாளு சார், பொறுத்துக்கங்க."

"பணம் குடுக்கற டோனருங்க நன்றி வீடியோ கேக்கறாங்க சாமி. நாளைக்கு மீட்டிங்."

அக்காவைப் பலாமரத்தடியில் பேனருக்கு முன்னால் நிறுத்தினார். "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. இல்லன்னா பணம் வராது."

அக்கா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பேசினாலும் படிப்பு போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. இதற்குப் பெயர் தானமாம்!

"சார், அக்காவுக்குப் பதிலா நான் சொல்றேன்" என்றேன். வீடியோவில் தானும் நிற்க அவருக்கு ஆசை. டோனர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, அதிலேயே எடுக்கச் சொல்லிப் போனை என்னிடமே நீட்டினார்.

"டோனர் ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். எங்கக்கா பேசக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க. பேசுன்னு மெரட்ட ஆள் அனுப்புனதும் நீங்க. ரெண்டுக்கும் ரொம்ப நன்றி."

"ஏய், நிறுத்துடி!" என்று அவர் கத்தியதும் பதிவானது. பாய்ந்து பிடுங்குவதற்குள் அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டேன். மலைமேல் சிக்னல் இல்லை; போகவில்லை என்று நினைத்துப் போனைப் பையில் போட்டார். மலையிறங்கி கோமுகி அணை தாண்டியதும் டவர் கிடைத்து, வீடியோ தானாகப் போயிருக்கும்.

அக்கா பத்து நாளையும் முடித்தாள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: 'ஒழுங்கீனம் காரணமாக' உதவித்தொகை ரத்து. ஒழுங்கீனம் என்னுடையது, ரத்து அவளுக்கு. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இப்போது மறுபடி கரும்பு வெட்டப் போகிறாள், சோற்றுத்தூக்கோடு பாலிப் புத்தகமும் வைத்துக்கொண்டு.

போகிறவர்களுக்கு: கம்பளி அவசியம், கடைசி வேன் நாலரைக்கு. பணம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கொடுத்துவிட்டு, கேமராவைக் கீழேயே விட்டு வாருங்கள்.

பத்தாம் நாள் வாய் திறந்த அக்காவின் முதல் பேச்சு இது: "கோவம் வந்தா அத கவனிக்கணும்டி."

கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாக வளர்ந்திருக்கிறது.